ஒத்தடம் கூட்டிய பெரட்டு

ஹட்டனுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் இடையில் இடுப்பு, முழங்கால், தோள்பட்டை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு முனகியவர்களில் ஒத்தடத்தின் கைச்சூடு படாதவர் ஒருவர்கூட இல்லை. இப்படி எழுதிவிட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மூன்றாமவர் அவருக்குப் பயந்து முனகுவதையே நிறுத்திவிட்டார்.

ஒத்தடம் என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயரும் எனக்குத் தெரியும். தோட்டத்து ஆபீசில் முப்பத்தாறு வருடம் கிளாக்கராக உட்கார்ந்து, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை எழுதியவனே நான்தான். ஆனால் அதைச் சொன்னால் அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலேயே யாருக்கும் விளங்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேரில் அவரை நீ என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அவர் என்று வருகிறது. கை திருந்திவிட்டது, வாய் இன்னும் திருந்தவில்லை.

முதலில் அவரும் தேயிலைக் கொழுந்துதான் பறித்தார். மாமியார் ஏழு வருடம் படுக்கையில் கிடந்தார். அவரைப் புரட்டி, துடைத்து, ஊட்டிக் கற்ற வேலையை, மாமியார் போன பிறகு பக்கத்து லயத்துக்குச் செய்தார். பக்கத்து லயம் அடுத்த தோட்டத்துக்குச் சொன்னது. இப்போது ஆஸ்பத்திரியில் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பப்படும் ஆட்களெல்லாம் நேராக ஒத்தடத்தின் கைக்குத்தான் வருகிறார்கள். அவரது ஆயுதங்கள் ஐந்து: இரண்டு வெந்நீர் ஃபிளாஸ்க், ஒரு செங்கல், ஒரு பொட்டலம் உப்பு, ஒரு கறுப்புக் குடை. குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. நோயாளியைச் சுட்டிக்காட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறார்.

"வலிக்குதுங்களா?" என்பார்.

"வலிக்குதும்மா."

"நல்லதுங்க. அந்த எடத்துல உசிரு இருக்கு" என்று சொல்லி, அதே இடத்தில் இன்னும் பலமாக அமுக்குவார்.

போன வருடம் மே மாதம் நானும் அவர் கைக்கு வந்து சேர்ந்தேன். என் வீடு மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து ரோட்டுக்கு எழுபத்து நான்கு படிகள். மழைநாளில் இறங்கும்போது அறுபத்தாறாவது படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். ஆறு திருகாணி போட்டிருப்பதாக டாக்டர் சொன்னார். எக்ஸ்ரே படத்தில் நான் எண்ணியபோது ஏழு இருந்தது. அந்த ஏழாவது யாருடையது என்ற கவலையில் இரண்டு வாரம் தூக்கம் வரவில்லை.

ஐந்து மாதம் ரோட்டைப் பார்க்கவில்லை. வாசல் வரை வருவேன், முதல் படியைப் பார்ப்பேன், திரும்பிவிடுவேன். மனைவி போய் ஆறு வருடமாகிறது. என் மகன் கொழும்பில் நான்காம் மாடியில் இருக்கிறான். போனில் கெடு வைத்தான்.

"அப்பா, மார்கழி லீவுக்கு வேன் எடுத்துக்கிட்டு வாரேன். யாரும் புடிக்காம நீங்க ரோட்டுக்கு எறங்கிக் காட்டணும். ஏலாட்டி அப்பிடியே ஏத்திக்கிட்டு வந்துருவேன்."

அவனுடைய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். லிஃப்ட் இருக்கிறது. மாடிகளை லிஃப்டே எண்ணிவிடுகிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், அதில் ஜன்னல் கிடையாது. அங்கே போனால் எனக்கு எண்ணுவதற்கு மிஞ்சுவது மாத்திரை மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் ஒத்தடம் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார்.

"ஐயா, ஹட்டன்ல என்னமோ பயிற்சியாம். நாலு சனிக்கிழமை. எனக்கு எழுத்து வராதுங்களே. நீங்க வந்து எழுதிக் குடுக்கணும்."

"நான் எப்படிம்மா வாரது? படி இருக்கே."

"படி எங்கேயும் ஓடிப் போகாதுங்க. வாங்க."

சனிக்கிழமை காலை இறங்கினோம். அவர் எனக்கு முன்னால், என் இரண்டு கையையும் பிடித்தபடி, பின்னோக்கி இறங்கினார். குடை கழுத்தில் தொங்கியது.

"பின்னால பாக்காம எறங்குறியே, விழுந்தா என்னா செய்வே?"

"நான் விழுந்தா நீங்க மேல விழுவீங்க. மெத்தையா இருக்கும். கவலைப்படாதீங்க."

நாற்பத்தெட்டு நிமிடம் எடுத்தது. பதினான்கு முறை அவரைத் திட்டினேன். அறுபத்தாறாவது படியில் மட்டும் திட்டவும் வாய் வரவில்லை.

பயிற்சி மண்டபத்தில் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள்: "விழுமியங்களை முன்னிறுத்தி நிலைத்து நிற்கும் பராமரிப்புத் தொழில்முயற்சிகளைக் கட்டியெழுப்புவதற்கான குழு வணிகப் பயிற்சி". பத்துச் சொற்கள். சுவர் ஒன்பதுக்குத்தான் இடம் கொடுத்தது. பத்தாவது சொல் மூலையில் மடிந்து அடுத்த சுவருக்குப் போயிருந்தது. நான் முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

"இதுல ஒத்தடம்னு எங்கேயும் போடலீங்களே" என்றார் அவர்.

வந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர். முதியோரைப் பார்க்கிறவர்கள், உடற்பயிற்சி கொடுக்கிறவர்கள், மனநல ஆலோசகர் ஒருவர். கினிகத்தேனையிலிருந்து எண்ணெய்த் தைலம் போடும் சிங்கள வைத்தியர் ஒருவரும் வந்திருந்தார். அவரை எல்லோரும் வெத மாத்தயா என்று கூப்பிட்டார்கள். என்னைச் சேர்த்தால் இருபது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பத்தொன்பது பார்சல்தான் சொல்லியிருந்தார்கள் என்பதை வந்த ஐந்தாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்து, அன்று மத்தியானம் வரை அதே கவலையாக இருந்தேன்.

பயிற்சி கொடுத்தவர் கொழும்பிலிருந்து வந்த இளம்பெண். தன்னை மிஸ் என்று கூப்பிட வேண்டாம், தான் வெறும் வளவாளர் என்றார். அதன் பிறகு எல்லோரும் அவரை வளவாளர் மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

முதலில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்தார். "இந்தக் கல்லைக் கையில வச்சுக்கிட்டு, இந்தத் தொழிலை நீங்க ஏன் செய்றீங்கன்னு உங்க மனசைக் கேளுங்க. கண்ணை மூடிக்கலாம்."

வெத மாத்தயா கண்ணை மூடினார். தேநீர் நேரத்தில்தான் திறந்தார். ஒத்தடத்தின் முறை வந்தது.

"நீங்க ஏன் இதைச் செய்றீங்கம்மா?"

"கூப்பிட்டாங்க, போனேனுங்க."

"சரி. ஏன் போனீங்க?"

"கூப்பிட்டாங்களே."

"இன்னும் ஆழமாப் போவோம். ஐந்து தரம் ஏன்னு கேட்டா உண்மையான காரணம் வெளிய வரும். ஏன் அவங்க கூப்பிட்டப்போ போகணும்னு தோணிச்சு?"

"போகாட்டி திருப்பிக் கூப்பிடுவாங்க."

இதுவரை மூன்று ஏன் ஆகிவிட்டது என்று நான் குறித்துக்கொண்டேன். வளவாளர் தளரவில்லை. "அங்க போய் நீங்க என்ன காண ஆசைப்படுறீங்க? ஏன்?"

ஒத்தடம் கல்லைப் புரட்டிப் பார்த்தார். "எங்க மாமியாருக்கு ஏழு வருஷம் நான்தான் ஊட்டுனேன். ஒரு நாளு அதுவா கையத் தூக்கி, ஒரு வாய் சோறு எடுத்துத் தின்னுச்சு. தின்னுட்டு என்னையப் பாத்து, உப்பு பத்தலன்னு சொல்லுச்சு. அந்தப் பேச்சை எல்லா வீட்டுலேயும் ஒருக்கா கேக்கணும். அம்புட்டுதாங்க."

ஆலோசகர் மூக்கைத் துடைத்தார். வளவாளர் எழுந்து போய், வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்: வாடிக்கையாளர் திருப்தி.

தேநீர் நேரத்தில் பார்த்தால், தியானத்துக்குக் கொடுத்த கூழாங்கல்லை ஒத்தடம் ஃபிளாஸ்க் வெந்நீரில் போட்டு, துணியில் சுற்றி, வெத மாத்தயாவின் கழுத்தில் வைத்திருந்தார். மண்டபத்திலிருந்த கூழாங்கற்களில் வேலை செய்தது அது ஒன்றுதான்.

இரண்டாவது சனிக்கிழமை, இலட்சிய வாடிக்கையாளர். வெள்ளைத் தாளில் அவரை வரைந்து, அவருடைய குணங்களை எழுத வேண்டும். ஒத்தடம் சொல்ல, நான் எழுதினேன். எழுந்து நடக்கிற ஆள். சொன்னதைக் கேட்கிற ஆள். திருப்பிக் கூப்பிடாத ஆள்.

வளவாளர் மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "இது பிழைம்மா. வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வரணும். அதைத்தான் தக்கவைத்தல்னு சொல்றோம். அப்பதான் தொழில் நிலைச்சு நிக்கும்."

"திரும்பி வந்தா நான் சரியாப் பாக்கலன்னுதாங்களே அர்த்தம்?"

"அப்படி இல்ல. உறவைத் தொடரணும்."

"உறவுன்னா கல்யாணத்துக்குக் கூப்பிட்டாப் போதுங்க. இடுப்பு வலிக்குத் திரும்பி வரவேண்டியதில்ல."

கினிகத்தேனை வெத மாத்தயா "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் ஆமோதித்துத் தலையாட்டினார். அவருக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். எந்தப் பாதி என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

அன்று மாலைதான் எல்லை வகுத்தல் என்ற பாடம். பராமரிப்பவர்கள் இல்லை என்று சொல்லப் பழகாததால்தான் களைத்துப் போகிறார்களாம். அதற்கு ஒரு வசனம் கொடுத்து எல்லோரையும் பத்துத் தரம் சொல்லவைத்தார்கள்: "மன்னிக்கணும், இப்ப அதுக்கு எனக்கு ஏலாது." ஒத்தடத்துக்கு அந்த வசனம் மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து எல்லா வேலையையும் அதைச் சொல்லிக்கொண்டே செய்ய ஆரம்பித்தார்.

"முதுகுல கொஞ்சம் சூடு வையம்மா" என்பேன்.

"மன்னிக்கணும், இப்ப அதுக்கு எனக்கு ஏலாது" என்பார், செங்கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டே.

"ஒரு பிளேன்டீ கெடைக்குமா?"

"இப்ப அதுக்கு எனக்கு ஏலாதுங்க. சீனி ஒரு கரண்டியா, ரெண்டா?"

ஒரு வாரத்தில் இருபத்தாறு தரம் மறுத்தார். இருபத்தாறு வேலையும் நடந்தது.

மூன்றாவது சனிக்கிழமை கட்டணம் பற்றிப் பேசினார்கள். உங்கள் சேவையின் பெறுமதி என்ன என்று வளவாளர் கேட்டபோது, ஒத்தடம் யோசித்து, "உடப்புசல்லாவைப் பக்கம்னா கேரட். இங்கன்னா லீக்ஸ். டவுன் ஆளுங்க காசு தருவாங்க, கறிக்கு ஆகாது" என்றார். அந்தப் பாடம் அதோடு முடிந்தது.

ஆனால் அன்று பிற்பகல் நடந்த பாடம்தான் எங்கள் தோட்டத்தின் சரித்திரத்தையே மாற்றியது. வளவாளர் பலகையில் ஒரு ஆளை வரைந்தார், அதிலிருந்து ஒரே ஒரு கோடு. "உங்களுக்கு இருக்கிறது ஒரு உடம்பு. ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினா எத்தனை பேரைப் பார்க்க ஏலும்? குழுவாக்குங்க. எல்லோரையும் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு வரவைங்க. எல்லோருக்கும் ஒரு இலக்கு கொடுங்க. பதிவு வைங்க."

ஒத்தடம் என் பக்கம் சாய்ந்தார். "ஐயா, இந்தப் புள்ள பெரட்டைத்தானே சொல்லுது?"

தோட்டத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவது. பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாலையில் கொழுந்தை நிறுப்பார்கள். சொன்ன கிலோ இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் வேலை செய்ததாகக் கணக்கு. வளவாளர் நான்கு சனிக்கிழமையாக எதைப் புதிது என்று சொல்லிக்கொடுத்தாரோ, அதை எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மழையில் நின்று படித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பெரட்டு என்று ஒத்தடம் ஆள் அனுப்பினார். இடம், என் வீட்டுப் படிகளின் அடியில் ரோட்டோரமாக இருக்கும் பழைய பிள்ளைக் காம்பரா, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் கட்டடம். பிள்ளைகள் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டதால் அதன் விறாந்தை சும்மா கிடந்தது.

எழுந்து நடக்க முடியாதவர்களைப் பெரட்டுக்குக் கூப்பிடுவது உலகத்தில் வேறெங்கும் யாருக்கும் தோன்றாது. நான் எடுத்துச் சொன்னேன்.

"நடக்க ஏலாதவங்க எப்பிடிம்மா வருவாங்க?"

"பெரட்டுன்னா வருவாங்கய்யா" என்றார்.

வந்தார்கள். பதினொரு பேர். இருவர் ஆட்டோவில், ஒருவர் மகனின் முதுகில், ஒருவர் நாற்காலியோடு தூக்கப்பட்டு, மூன்று பேர் கைத்தடியில், மூன்று பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு, நான் ஒத்தடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. ஒத்தடம் தட்டில் கரண்டியால் அடித்ததும், அதுவரை முனகிக்கொண்டிருந்த பத்துப் பேரும் என்னையும் சேர்த்துத் தானாக நிமிர்ந்து வரிசையானோம். இடுப்பு மறந்தாலும் எலும்பு பெரட்டை மறக்கவில்லை. விறாந்தையில் பதினோராவது ஆள் மட்டும் இல்லை. அவர் பழைய லொறி டிரைவர். பாரிசவாதத்தில் இடது கை விழுந்தவர். எட்டு ஐந்துக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"பெரட்டு முடிஞ்சிருச்சுங்க. நாளைக்கு வாங்க" என்று ஒத்தடம் குடையால் ரோட்டைக் காட்டினார்.

"ஏய், நான் சீக்காளி!"

"இங்க எல்லாரும் சீக்காளிதாங்க. அவங்க நேரத்தோட வந்துட்டாங்களே."

டிரைவர் வீட்டுக்குப் போகும்வரை கெட்ட வார்த்தை பேசினார். வாதம் வந்த பிறகு அவர் அவ்வளவு தெளிவாகப் பேசியது அன்றுதான் என்று அவர் மனைவி பிறகு சொன்னார். மறுநாள் ஏழு நாற்பதுக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு. டிரைவருக்கு, இடது கையால் சட்டைப் பொத்தான் ஐந்து. நாற்காலிக்காரருக்கு, பிடிக்காமல் எழுந்து நிற்க நூறு எண்ணிக்கை. எனக்கு எழுபத்து நான்கு படி. செய்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தொடர்ந்து ஆறு நாள் முழுப்பேர் எடுத்தவரின் பேரை வெட்டிவிடுவார். இனிப் பெரட்டுக்கு வரக்கூடாது, சுகமாகிவிட்டது என்று பொருள்.

பதிவு எழுத என்னிடம் ஒரு நாற்பது பக்கக் கொப்பியையும் பேனையையும் கொடுத்தார். முதல்நாள் எல்லோருக்கும் எழுதி முடித்தேன்.

"ஒரு ஆளு விட்டுப்போச்சுங்க" என்றார்.

"யாரு?"

"நீங்கதான். இருபத்தி ரெண்டு படி புடிக்காம எறங்குனீங்க. அம்பத்தி ரெண்டு கொறையுது. அரைப்பேர் போடுங்க."

முப்பத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் அரைப்பேர் எழுதியிருப்பேன் என்று கணக்கிட்டுச் சொல்லலாம். சொல்ல மனம் வரவில்லை. என் பெயருக்கு நேரே என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. பேனை கொஞ்சம் மக்கர் பண்ணியது.

நாளாக நாளாகப் படி கூடியது. முப்பத்தைந்து, நாற்பத்தொன்பது, அறுபது. மூன்றாவது வாரம் எழுபத்து மூன்றில் வந்து நின்றது. விழுந்த அந்த அறுபத்தாறாவது படிக்கு மட்டும் ஒத்தடம் மேலே வந்து ஒரு விரல் நீட்ட வேண்டும். அந்த ஒரு விரல் இல்லாமல் கால் தூக்க வராது. ஒரு விரல்தானே என்று ஒரு நாள் துணிந்து முழுப்பேர் எழுதிவிட்டேன்.

ஒத்தடம் கொப்பியை வாங்கிப் பார்த்தார். என் வரியில் விரல் நேராகப் போய் நின்றது. "இது பிழைங்களே. ஒரு படி கொறையுது."

"ஒரு படிதானம்மா."

"ஒரு கிலோ கொறைஞ்சாலும் கொறைஞ்சதுதான்னு சொல்லுவீங்களே ஐயா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பழைய பாடத்தை ஒப்பிப்பதுபோலச் சொன்னார். தராசடியில் நின்று, கூடையை இறக்கியபடி என்னைப் பார்த்தவர்களிடம், மாலை மாலை நான் சொன்ன வாக்கியம் அது. ஈரக் கொழுந்து என்று இரண்டு கிலோ கழித்த பிறகு சொன்ன வாக்கியம். எழுதியதை அடித்து அரைப்பேர் போட்டேன். போட்டு முடிந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"ஏம்மா, உனக்கு எழுத்து வராதுன்னியே. எப்படி வாசிச்சே?"

"எட்டாம் வகுப்பு படிச்சிருக்கேனுங்க."

"சம்பளத்துக்குக் கைநாட்டுத்தானே வெச்சே?"

"நீங்க மை டப்பாவை முன்னால தள்ளுனீங்க. வெச்சேன்."

"பின்ன நாலு சனிக்கிழமை என்னைய எதுக்கு எழுத இழுத்துக்கிட்டுப் போனே?"

"படி எறங்கத்தாங்க. வேற எதுக்கு?"

நான்காவது சனிக்கிழமை கிடைத்த சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழகாக லாமினேட் பண்ணிக் கொடுத்தார்கள். ஒத்தடம் அதை வெந்நீர்ச் சட்டிக்கு மூடியாக வைத்திருக்கிறார். "ஆவி போகமாட்டேங்குதுங்க. நல்ல பயிற்சி" என்கிறார்.

இரண்டு வாரம் கழித்து வளவாளர் மிஸ் எங்கள் குழுவைப் பார்வையிட வந்தார். எட்டு பதினொன்றுக்கு வந்தார்.

"பெரட்டு முடிஞ்சிருச்சுங்க மிஸ். நாளைக்கு வாங்க."

"அம்மா, நான் கண்காணிப்பு விஜயத்துக்கு வந்திருக்கேன். அறிக்கை எழுதணும்."

"மன்னிக்கணும், இப்ப அதுக்கு எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டு, ஒத்தடம் அவருக்கு நாற்காலி போட்டார், பிளேன்டீ கொடுத்தார், தும்முகிறாரே என்று ஃபிளாஸ்க்கைத் திறந்து ஆவி பிடிக்கவைத்தார். தலையில் துவாயோடு வளவாளர் பார்வையிட்டார். அறிக்கையில், சமூக மட்டத்தில் பங்கேற்பை உறுதிசெய்யும் புத்தாக்கக் குழு மாதிரி என்று எழுதியதாகக் கேள்வி. வெளிநாட்டிலிருந்து இதைப் பார்க்க ஆள் வரப்போவதாகவும் சொன்னார்கள். நேரத்தோடு வந்தால் நல்லது.

மார்கழி வந்தது. மகனும் வேனோடு வந்தான். காலை ஏழரைக்கு ரோட்டில் வேனை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தான். இரவு மழை பெய்து படியெல்லாம் நனைந்திருந்தது.

"அப்பா, வற்புறுத்தல. ஏலாட்டி சொல்லுங்க, தூக்கிக்கிட்டே போயிருவேன்."

அது எனக்கு உதவியாகவே இல்லை. நான் இறங்க ஆரம்பித்தேன். அவன் பின்னால் ஐந்து படி தள்ளி வந்தான். கீழே விறாந்தையில் பத்துப் பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒத்தடம் கொப்பியை எடுத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் நின்றார். மேலே வரவில்லை. அறுபத்தைந்து வரை எண்ணிக்கொண்டே வந்தேன். அடுத்த எண் வாயில் வரவில்லை.

நின்றேன். அந்த ஏழாவது திருகாணி கழன்றுவிட்டதுபோல இருந்தது. மகன் ஒரு படி நெருங்கினான். கீழே ஒத்தடம் ஒரு விரலையாவது நீட்டுவார் என்று பார்த்தேன். அவர் தட்டில் கரண்டியால் அடித்தார்.

பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். டிரைவர், ஆஜர். நாற்காலிக்காரர், ஆஜர். பத்துப் பேர் முடிந்தது. பதினோராவதாக என் பெயரைக் கூப்பிட்டார். ஐயா இல்லை, கிளாக்கர் இல்லை, வெறும் பெயர். நான் செக்ரோலில் அவர் பெயரைக் கூப்பிட்டது போலவே.

"ரெண்டாம் தரம்" என்று மறுபடி கூப்பிட்டார். "மூணாம் தரத்துக்கு இல்லாட்டி திருப்பி அனுப்பிருவேன். வேன் நிக்குது."

"எறங்குங்க கிளாக்கரே, பொத்தானைப் போட்டுட்டுக் காத்திருக்கேன்" என்று டிரைவர் கத்தினார்.

முப்பத்தாறு வருடம் பெரட்டில் ஆள் திருப்பி அனுப்பியவன், ஒரு நாளும் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. அந்த அவமானத்தை நினைத்ததும் கால் தானாகப் போயிற்று. அறுபத்தாறு. அதன் பிறகு மிஞ்சியிருந்த எட்டையும் எண்ணினேனா என்பது நினைவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் நடந்த படிகள் அவைதான்.

"ஆஜர்" என்றேன்.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனால் அவன் என் மகன், கணக்கு விடுவானா? "நல்லா எறங்கிட்டீங்கப்பா. ஏறணுமே? ஏறுறதையும் ஒருக்காப் பாத்துருவோம். தனியா ஏற ஏலாட்டி இங்க எப்பிடி இருப்பீங்க?"

எனக்கு ஏற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒத்தடத்துக்கும் தெரியும். அவர் மகனின் முன்னால் வந்து நின்றார்.

"மன்னிக்கணும் தம்பி, இப்ப அதுக்கு எனக்கு ஏலாது."

வழக்கம்போல வேலையைச் செய்யப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அசையவில்லை. அந்த வசனத்தை அதன் அர்த்தத்தோடு அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"அக்கா, நான் இன்னிக்கே திரும்பிப் போகணும்."

"போங்க. ஐயாவோட அளவுல எறங்குறது மட்டும்தான் முடிஞ்சிருக்கு. ஏறுறது பாக்கி, அது நாளையிலிருந்துதான். அதனால இன்னிக்கு அரைப்பேர். பேர் முடியாத ஆளைப் பெரட்டுலேருந்து யாரோடயும் அனுப்ப மாட்டேன். தொரையே வந்து கேட்டாலும் அனுப்ப மாட்டேன்."

"அது சரிதானே?" என்று டிரைவர் மற்றவர்களைப் பார்த்தார். "பேர் முடியாத ஆளை எப்பிடி அனுப்புறது?" ஒன்பது தலைகள் ஆடின. கொழும்பில் கணினி வேலை பார்க்கிற என் மகன், அவன் பிறந்த தோட்டத்துச் சட்டத்துக்குப் பணிந்தான். அடுத்த லீவுக்கு வருவதாகச் சொன்னான். வேனில் நான் உட்கார வேண்டிய இடத்தில் ஒத்தடம் ஒரு கட்டு லீக்ஸை ஏற்றி அனுப்பினார்.

இது நடந்து பல மாதம் ஆகிறது. டிரைவர் ஆறு முழுப்பேர் எடுத்துப் போய்விட்டார். நாற்காலிக்காரரும் போய்விட்டார். நாற்காலி மட்டும் விறாந்தையில் இருக்கிறது. பழைய பதினொரு பேரில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். வளவாளர் சொன்ன தக்கவைக்கப்பட்ட வாடிக்கையாளர்.

இப்போது எழுபத்து நான்கு படியையும் இறங்குகிறேன், ஏறுகிறேன். யாரும் பிடிப்பதில்லை. கொப்பியை நான்தான் எழுதுகிறேன். ஐந்து நாள் தொடர்ந்து எனக்கு முழுப்பேர் போடுவேன். ஆறாவது நாள், படி குறைந்ததாக அரைப்பேர் போடுவேன். எழுபத்தைந்து வயதில் நான் எழுதும் பொய்க் கணக்கு இது ஒன்றுதான்.

ஒத்தடம் மாலையில் கொப்பியை வாங்கி, அந்த வரியில் விரலை வைத்துச் சற்று நேரம் பார்ப்பார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக்கு நேரத்தோடு வாங்க என்பார்.